ஐம்பது பேர் சேர்ந்தால்தான் தொட்டிலா? கரிசல் ஊர்களில் கணக்கில் வராத கைக்குழந்தைகள்

ஆறு மாதக் குழந்தையை யாரிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவது என்னும் கேள்வி, நாளிதழ்களின் மகளிர் பக்கங்களில் இப்போது அடிக்கடி எழுகிறது. காப்பகமா, வீட்டோடு தங்கும் பணிப்பெண்ணா, ஊரிலிருந்து வரவழைக்கப்படும் பாட்டியா என்று மூன்று வழிகளை முன்வைத்து, ஒவ்வொன்றின் செலவையும் வசதியையும் எடைபோட்டு, கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அக்கட்டுரைகள் முடிகின்றன. அவற்றில் தவறில்லை. ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இரண்டு வழிகளாவது கண்முன் இருக்க வேண்டும். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களின் காலனித் தெருக்களில் வாழும் தாய்க்கு அவற்றில் ஒன்று கிடைப்பதே அரிது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் என நீளும் இந்த வறண்ட பூமியில் வேலை என்பது ஒரே இடத்தில், ஒரே முதலாளியிடம் கிடைப்பதன்று. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் விதைப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் களையெடுப்பு. தை, மாசியில் அறுவடை. அதற்குப் பிறகு மானாவாரி நிலம் கூலி தராது. மீதி மாதங்களில் தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்ப் பட்டறை, நூற்பாலை, சீமைக்கருவேல் வெட்டிப் போடும் கரிமூட்டம், நூறு நாள் வேலை. இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி ஆண்டை ஓட்டுவது நிலமற்ற தலித் குடும்பங்களின் வாழ்க்கைமுறை. தேவேந்திரர், அருந்ததியர், பறையர் தெருக்களில் ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்குப் பின் வேலைக்குத் திரும்புகிறாள் என்றால், எந்த வேலைக்கு என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. குழந்தையை யாரிடம் விடுவது என்பதன் விடையும் அந்த வேலையோடு சேர்ந்தே மாறுகிறது.

பாட்டி இருக்கிறாளே என்பார்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத்தளம் ஒன்றைப் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிலின் பொய் விளங்கும். மண்வெட்டியோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் கணிசமானோர் வயதானவர்கள். மகளின் கூலி ஒன்றால் அடுப்பு எரியாத வீட்டில் பாட்டியும் கூலிக்காரியே. ஆகவே குழந்தை, பத்து வயது அக்காளின் இடுப்பில் ஏறுகிறது.

இந்த அக்காளை வரலாறு முன்பே அறியும். தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளின் உழைப்பைப் பற்றிக் கோவில்பட்டி வட்டாரத்து எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' திரைப்படம் 1996-இல் வந்தது. அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் கவனிக்கப்பட்ட பகுதிகளில் சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு வட்டாரமும் ஒன்று. சட்டமும் இயக்கங்களும் பத்திரிகைகளும் சேர்ந்து சிறுமிகளை ஆபீஸிலிருந்து வெளியே கொண்டுவந்தன. பெரிய வெற்றிதான். ஆனால் வெளியே வந்த சிறுமியிடம் வீட்டில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. தாய் வேலைக்குப் போகும்போது தம்பி தங்கையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு எந்தத் திட்டமும் இடம் ஒதுக்கவில்லை. ஆபீஸுக்குப் போகும் சிறுமியை ஆய்வாளர் பிடிக்கலாம். வீட்டிலிருந்து குழந்தையை ஆட்டுபவளை எந்தப் பதிவேடும் தொழிலாளி என்று எழுதாது. பள்ளி வருகைப் பதிவேட்டில் மட்டும், களையெடுப்புக் காலத்தில், சில பெயர்களுக்கு நேரே 'வரவில்லை' என்று விழும்.

தாய் குழந்தையோடு எத்தனை நாள் இருக்க முடிகிறது என்பதிலிருந்தே இந்தக் கணக்கு தொடங்குகிறது. 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பைத் தந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்னும் மருத்துவ அறிவுரையோடு அது ஏறத்தாழப் பொருந்துகிறது. தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு. பெயர் பதிவாகி, ஈ.எஸ்.ஐ. பிடித்தமும் செய்யப்படும் ஆலைத் தொழிலாளிக்கு 26 வாரம் கிடைக்க வழியுண்டு. களையெடுப்பவளுக்கும், பெயர் எங்கும் ஏறாமல் அடுக்கிய கணக்குக்குக் கூலி வாங்குபவளுக்கும் இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி: 18,000 ரூபாய், அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலையின் நாட்கூலி 336 ரூபாய். அந்த 14,000 ரூபாயை அதனால் வகுத்தால் 41 நாள் கூலிக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. அரசு ஊழியருக்கு 365 நாள் வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட அதே அரசின் கணக்கில், கூலிப் பெண்ணுக்கு 41 நாள். அரசு ஊழியரின் விடுப்பைக் குறைக்கச் சொல்வதற்காக இதைச் சுட்டவில்லை. ஒரு குழந்தைக்குத் தாயின் அருகாமை எவ்வளவு காலம் வேண்டும் என்பது தாயின் ஊதியப் பட்டியலைப் பார்த்து மாறுவதில்லை.

விடுப்புக்குப் பிறகு காப்பகம். இங்கேதான் சட்டங்கள் தலைகளை எண்ணத் தொடங்குகின்றன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. 1976-க்கு முன்பு அந்த வரம்பு ஐம்பதாக இருந்தது. 2017-இன் திருத்தம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஐம்பதையே அளவாகக் கொள்கின்றன. முப்பது பெண்கள் என்று இருந்த இடத்தில் ஐம்பது தொழிலாளர் என்று வந்து நிற்கிறது. போராடிக் குறைத்த எண், அரை நூற்றாண்டு கழித்து மறுபடியும் ஏறுகிறது.

தீப்பெட்டித் தொழிலின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த எண் எப்படி வேலை செய்யும் என்பது விளங்கும். பெரிய இயந்திர ஆலைக்கு ஒரு கலால் வரி, கையால் செய்யும் சிறு அலகுக்குக் குறைந்த வரி என்று பல்லாண்டுகள் இருந்த ஏற்பாட்டில், சிறியதாக இருப்பதே, அல்லது சிறியதாகத் தோன்றுவதே, இலாபமாயிற்று. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தொழில் சிறு சிறு அலகுகளாகச் சிதறிக் கிடப்பதற்கு அந்த வரிக்கொள்கையும் ஒரு காரணம். வேலையின் ஒரு பகுதி வீடுகளுக்கே போய்விட்டது. குழந்தையைக் காலில் கிடத்தி ஆட்டியபடியே சட்டத்தில் குச்சி அடுக்கும் பெண், எந்த நிறுவனத்தின் ஐம்பது பேரில் ஒருத்தி? நகராட்சி, பேரூராட்சிகளின் தூய்மைப் பணியிலும் இதே கதைதான். விடியுமுன் தெருவுக்கு வரும் அருந்ததியப் பெண்கள் பல இடங்களில் ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இருக்கிறார்கள். உள்ளாட்சியின் பட்டியலில் இல்லை. தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்சநீதிமன்றம் 2000 மார்ச் 8 அன்றே தீர்ப்பளித்தது. தீர்ப்பை வாங்கிய பின்னும் பட்டியலில் பெயர் ஏறினால்தான் பயன்.

வரம்பைத் தாண்டிய ஆலையிலும் ஒரு சிக்கல் உண்டு. காப்பகத்துக்கு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரத் தாய்க்கு உரிமை உண்டு என்கிறது 2017 திருத்தம். மாதச் சம்பளக்காரிக்கு அது உரிமை. அடுக்கிய சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவளுக்கு ஒவ்வொரு முறை எழுந்து போவதும் கூலியில் பிடித்தம். பாலூட்டும் நேரத்துக்கும் கூலி கணக்கிடும் முறை வராதவரை, அந்த நான்கு முறையில் மூன்றை அவளே வெட்டிக்கொள்வாள்.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைவுகூர்வது வழக்கத்துக்காக அன்று. 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன். அதன் சுமை பெருமளவு அரசுக்குரியது. எனினும் பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளி அதில் பங்கேற்பதும் நியாயமே என்பது அவர் வாதம். வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1945-46-இல், சுரங்கங்களில் பெண் தொழிலாளரின் குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வகைசெய்யும் சட்டத்திருத்தம் அவர் பொறுப்பில் வந்தது. 1946-இல் சுரங்கக் காப்பக விதிகளும் வகுக்கப்பட்டன. அந்த மரபில் எழுந்த 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 58-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பெண்கள் வேலை செய்யும் சுரங்கம், அல்லது கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஏதேனும் ஒரு நாள் பெண்கள் வேலை செய்த சுரங்கம் என்றுதான் அது பேசுகிறது. முப்பது, ஐம்பது என்ற வரம்பே அங்கு இல்லை. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமோ ஐம்பது பெண்கள் என்று சொல்லிவிட்டு, அது இல்லாவிட்டாலும் இருபது குழந்தைகள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று திருத்தப்பட்டது. தலைகளை எண்ணியே ஆக வேண்டும் என்றால் குழந்தைகளின் தலைகளை எண்ண முடியும் என்பதற்கு இது சான்று.

நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் குழந்தைகளைத்தான் எண்ணியது. வேலைத்தளத்துக்குத் தாயோடு வரும் சிறு குழந்தைகள் ஐந்து பேர் இருந்தால், தொழிலாளப் பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமித்து, அவருக்கு முழுக்கூலி தர வேண்டும் என்றது அதன் இரண்டாம் அட்டவணை. கரிசலில் இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை. ஆயினும் நிழலுக்கு ஓர் உடைமரம்கூட இல்லாத கண்மாய்க் கரைக்குக் கைக்குழந்தையை யார் கொண்டுவருவார்? கொண்டுவராததால் எண்ணிக்கை ஐந்தைத் தொடாது. தொடாததால் ஆள் வைக்க வேண்டியதில்லை. ஆள் இல்லாததால் மறுநாளும் கொண்டுவர மாட்டார்கள். பணித்தளப் பொறுப்பாளரின் ஏடு சுத்தமாக இருக்கும். அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியிருக்கும் நிலையில், இந்த ஐந்து குழந்தை விதியை விடாமல் கேட்டுப் பெற வேண்டும். அதுவும் வேலைத்தளத்துக்கு வந்த குழந்தைகளைக் கணக்கிடாமல், வேலைக்கு வந்த தாய்மாரின் வீட்டிலுள்ள குழந்தைகளைக் கணக்கிடும்படி.

எஞ்சுவது பால்வாடி. தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. முட்டையும் சத்துமாவும் எடை பார்ப்பதும் தடுப்பூசி நினைவூட்டலும் நம் பிள்ளைகள் பலரை உயிரோடு வைத்திருக்கின்றன. ஆனால் பால்வாடியில் பகலெல்லாம் உட்கார வைக்கப்படுவது இரண்டு வயது நிறைந்த குழந்தை. அதற்குக் குறைந்த வயதுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாவுதான். 26 வாரம் முடிந்த நாளிலிருந்து இரண்டு வயது வரையிலான ஒன்றரை ஆண்டு, எந்தத் துறையின் பொறுப்பிலும் இல்லாத காலம். எடை குறையத் தொடங்குவதும், அடிக்கடி வயிற்றுப்போக்கு வருவதும், தவழ்ந்துபோய் அடுப்பையோ தண்ணீர்த் தொட்டியையோ தொடுவதும் இந்த ஒன்றரை ஆண்டில்தான்.

சட்டங்களைப் பட்டியலிடும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். நம்மால் நிற்க இயலாது. ஏனெனில் குழந்தை வளர்ப்பு என்பது தொடுதல். மடியில் கிடத்துவது, வாயில் ஊட்டுவது, கழுவிவிடுவது. சாதி எதையெல்லாம் தடுத்ததோ அதெல்லாம் இங்கு நாள்முழுதும் நடந்தாக வேண்டும். எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் 2023 செப்டம்பரில் நடந்ததை இவ்வட்டாரம் மறந்திருக்காது. காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிவான சில நாட்களிலேயே, சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் உண்ண மறுத்ததாகச் செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அன்றைய சமூகநலத் துறை அமைச்சர் கீதா ஜீவனும் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டார்கள். சென்றது நன்று. ஆனால் அமைச்சர் தினமும் வரமாட்டார். ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்தக் கையால் சமைத்ததை உண்ணக் கூடாது என்பது தானாகத் தெரிந்ததும் அன்று. ஏழு வயதில் பந்தியில் உட்கார மறுப்பவனின் தம்பி, எட்டு மாதத்தில் எந்த ஆயாவின் மடியில் கிடப்பான்? நம் குழந்தையை எந்த ஆயா எந்த முகத்தோடு தூக்குவாள்?

இதற்கு உச்சநீதிமன்றம் ஓரளவு வழி காட்டியிருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2004 ஏப்ரலில், மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரச் சொன்னது. 2006 டிசம்பர் 13-ஆம் நாள் ஆணையில், ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்றும், புதிய மையங்களில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்றும் சொன்னது. மையம் ஊர்த்தெருவில் இருக்க வேண்டுமா, காலனியில் இருக்க வேண்டுமா என்ற விவாதம் நம்மிடையே உண்டு. காலனியில் வைத்தால் அது தனிப் பால்வாடியாகிப் பிரிவினை உறுதிப்படும் என்ற அச்சத்தை ஒதுக்க முடியாது. என் கருத்து காலனியில் வைப்பதன் பக்கமே. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நிற்குமுன் குழந்தையை விட்டுவர வேண்டிய தாயிடம், சமத்துவத்துக்காக ஊரைச் சுற்றிப் போ என்று சொல்லலாகாது. கட்டடம் நம் தெருவில் இருக்கட்டும். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். வர மறுப்பவர்கள் மறுப்பின் காரணத்தை அதிகாரி முன் எழுதித் தரட்டும்.

நியமனத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தலித் பெண்ணுக்கு முன்னுரிமை என்று சொல்லி உதவியாளர் பணியை மட்டும் கொடுத்து, பணியாளர் இருக்கையை ஊர்த்தெருவுக்கு வைத்தால், மலம் கழுவும் வேலை மறுபடியும் பழைய கைகளுக்கே வரும். பெயர் மட்டும் குழந்தை பராமரிப்பு. இரண்டு பணியிலும் நம் பெண்கள் இருக்க வேண்டும். மதிப்பூதியம் என்ற சொல் போய் ஊதியம் என்ற சொல் வர வேண்டும். அங்கன்வாடிப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கூறியதும், அவர்கள் செய்வது சேவையன்று, வேலை என்பதை ஏற்றுத்தான்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கர்நாடகம் 2023-இல் 'கூசின மனே' என்ற பெயரில் நான்காயிரம் ஊராட்சிகளில் குழந்தை இல்லங்கள் அறிவித்தது. வேலை அட்டை வைத்திருக்கும் உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுப் பராமரிப்பாளர் ஆகிறார்கள். சத்தீஸ்கரில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவர் குழு, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான ஆதிவாசிக் குழந்தைகளுக்காக 2006 முதல் 'புல்வாரி' காப்பகங்களைக் கிராமப் பெண்களின் கையில் நடத்திக் காட்டியது. ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டம் அங்கன்வாடியையே காப்பகமாக மாற்றப் பணம் தருகிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சேர்க்கலாம். ஆனால் அதன் நேரம் நாளொன்றுக்கு ஏழரை மணி. காலை ஏழு மணிக்கு வண்டியேறி மாலை ஆறு மணிக்கு இறங்குபவளுக்குப் பதினொரு மணி நேரம் வேண்டும். இடைவெளியான மூன்றரை மணியை நிரப்ப இரண்டாவது முறைப் பணியாளர் வேண்டும். அதற்கான பணத்தை மாநிலம் தர வேண்டும். புதிய சட்டத் தொகுப்பு பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்த இடம் தருகிறது. சிறு அலகுகள் என்று சொல்லி விலகும் தீப்பெட்டி உரிமையாளர்கள், விற்பனைக்கும் வரிக்கும் சங்கமாகச் சேர்வதைப் போலத் தொட்டிலுக்கும் சேரலாம். ஆபீஸ் வளாகத்துக்குள் வேண்டாம். குளோரேட்டும் கந்தகமும் புழங்கும் இடத்தில் குழந்தைக்கு வேலையில்லை. தெருவில் நடக்கும் காப்பகத்துக்குப் பங்குப் பணம் கட்டட்டும்.

இப்போதைக்கு நம் கையில் உள்ளது கிராம சபை. மே 1 அன்றும் நவம்பர் 1 அன்றும் கூடும் சபைகளில் தெருவாரியாக ஒரு பட்டியல் வைக்கலாம்: ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகள் எத்தனை பேர், தாய் எந்த வேலைக்குப் போகிறாள், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறாள், அதுவரை குழந்தை யாரிடம் இருக்கிறது, அந்த 'யார்' பள்ளிக்குப் போகும் வயதினரா. பட்டியலைத் தீர்மானத்தோடு இணைத்து, 2006-ஆம் ஆண்டு ஆணையைச் சுட்டி, திங்கட்கிழமை மனுநாளில் தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். நவம்பர் என்றால் ஐப்பசி. மழை விழுந்திருக்கும், அடுத்த மாதம் களையெடுப்பு தொடங்கிவிடும்.